சிகிச்சைக் காலத்து இரவுகள்: தூக்கமின்மையையும் கவலையையும் படிப்படியாகக் கையாளுதல்

புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கவிருப்பவரிடம் முடி கொட்டும், வாந்தி வரும், வாய்ப்புண் வரும் என்றெல்லாம் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இரவு இரண்டரை மணிக்கு வீடே உறங்கிக்கொண்டிருக்க, தான் மட்டும் விட்டத்தைப் பார்த்தபடி கிடக்க நேரும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால் அப்படி நேரும்போது, இது தனக்கு மட்டும் வந்த கோளாறு என்றும், மனத்திடம் போதாததால் வந்தது என்றும் நோயாளி எண்ணிக்கொள்கிறார். எனக்கும் முதல் மூன்று கீமோ சுற்றுகள் அப்படித்தான் கழிந்தன. என் தூக்கத்தைக் கெடுத்தவற்றுள் பாதிக்கு மேல் என் மாத்திரைப் பெட்டியிலேயே இருந்தன என்பது நான்காவது சுற்றில்தான் தெரியவந்தது. அந்தத் தாமதம் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஓர் அச்சத்தை நீக்கிவிட வேண்டும். தூக்கம் கெட்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்து சிகிச்சையே பலிக்காமல் போய்விடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயமே அவர்களை இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருக்கச் செய்கிறது. சில இரவுகள் சரியாகத் தூங்காமல் போனாலும், நரம்பில் ஏறிய மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். உடலும் தன்னைப் பார்த்துக்கொள்கிறது: தூக்கம் குறைந்த நாள்களுக்குப் பின் வரும் உறக்கத்தில், ஆழ்ந்த உறக்கத்தைத்தான் அது முதலில் ஈடுகட்டிக்கொள்கிறது. தூக்கமின்மை பகற்பொழுதைப் பாழாக்குகிறது, வலியைக் கூட்டிக் காட்டுகிறது, மனத்தைத் தளர்த்துகிறது. அதைச் சரிசெய்ய முனைவதற்கு இந்தக் காரணங்களே போதும்.

கீழே சொல்லும் படிகளின் வரிசை முக்கியமானது. முதலில் மருந்தையும் உடலையும் பாருங்கள், அடுத்துப் படுக்கைப் பழக்கங்களைப் பாருங்கள், அதற்குப் பிறகு கவலையிடம் வாருங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, ஒரு மாத்திரையின் விளைவோடு மணிக்கணக்கில் மனத்தளவில் மல்லுக்கட்டிக் களைத்துப்போகிறார்கள்.

முதற்படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு நாள் காலையிலும், முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறத்தாழ எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எதனால் விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பவற்றை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். அதன் கீழே, அன்று உட்கொண்ட மாத்திரைகளை வேளையோடு குறித்துவிடுங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம்; காலையில் நினைவிலிருந்து குத்துமதிப்பாக எழுதினாலே போதுமானது. இயலுமானால் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள், ஏனெனில் "இன்னும் மூன்று மணி நேரந்தான் இருக்கிறது" என்ற கணக்கு யாரையும் தூங்கவைத்ததில்லை.

என் பழைய நோட்டில் உள்ள ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன்: "கீமோவுக்கு மறுநாள். காலை 8, இரவு 8, இரண்டு வேளையும் சிறிய வெள்ளை மாத்திரை. படுத்தது 10. தூங்கியது 1.30 இருக்கலாம். விழித்தது மூன்று முறை, மூன்றும் சிறுநீருக்கு. முகம் சூடாக இருக்கிறது." இவ்வளவுதான். எனக்கு ஒன்றும் புலப்படாத இந்த வரிகளில்தான் விடை இருந்தது.

இரண்டாம் படி: மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரிடம் செல்லுங்கள்

நான்காவது சுற்றுக்குப் போனபோது, ஊசி போட வந்த செவிலியர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இரவு 8" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதை ஏன் ராத்திரியில் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். சீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று மட்டும் எழுதியிருந்ததால், நான் காலையும் இரவுமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறிய வெள்ளை மாத்திரை டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு. வாந்தியைத் தடுப்பதற்காகவும், பாக்லிடாக்செல், டோசிடாக்செல் போன்ற மருந்துகளால் ஒவ்வாமை வராமல் இருப்பதற்காகவும் கீமோவையொட்டிய நாள்களில் இதைக் கொடுக்கிறார்கள். மிகவும் பயனுள்ள மருந்துதான். ஆனால் அது உடலை விழிப்பு நிலைக்குத் தள்ளிவிடும், மனம் ஓடிக்கொண்டே இருக்கும், சிலருக்குக் காரணமில்லாத எரிச்சலும் படபடப்பும் வரும். அதன் விளைவு உடலில் ஒன்றரை நாளுக்கும் மேல் நீடிக்கும் என்பதால், மாத்திரை நின்ற மறுநாளும் தூக்கம் வராமல் இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டு இரண்டாம் வேளையை நண்பகலுக்கு மாற்றிய பிறகு, எனக்கு எல்லா இரவும் நல்ல இரவாகிவிடவில்லை. ஆனால் ஒன்றரை மணி பதினொன்றரை ஆயிற்று. கேட்காமல் நீங்களாக வேளையை மாற்றவோ, அளவைக் குறைக்கவோ, நிறுத்தவோ கூடாது. நீண்ட நாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது.

ஸ்டீராய்டு ஒன்றோடு இது முடிவதில்லை. மெட்டோகுளோபிரமைடு போன்ற சில வாந்தித் தடுப்பு மருந்துகள், கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாதபடி ஒருவித அலைக்கழிப்பை உண்டாக்கும். அது பதற்றத்தைப் போலவே தோன்றுவதால், நோயாளியும் வீட்டாரும் அதைக் கவலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார முடியாமல், நிற்க முடியாமல் தவிப்பு வந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள், மாற்று மருந்து உண்டு. டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சைகள், ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் ஊசிகள் ஆகியவை நள்ளிரவில் திடீர் உடற்சூட்டையும் வியர்வையையும் கொண்டுவரும். பருத்தி ஆடை, அடுக்கடுக்கான மெல்லிய போர்வைகள், கைக்கெட்டும் தூரத்தில் மாற்று உடுப்பு ஆகியவற்றோடு, இதற்கென்று மருந்து உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். நரம்பு வழியே நிறைய திரவம் ஏற்றிய நாளில் இரவு சிறுநீருக்கு எழுந்துகொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும். அன்று அதை எதிர்பார்த்து, வழியில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டு, விழித்ததற்காகக் கலங்காமல் திரும்பப் படுத்துக்கொள்வதே சரி.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பகலில் பேச்சிலும் வேலையிலும் மறைந்திருக்கும் வலி, இரவின் அமைதியில் முழு உருவத்தோடு எழுந்துவிடுகிறது. அதிகாலையில் வலியால் விழிப்பு வருகிறதென்றால், இரவு உட்கொண்ட மருந்தின் வீரியம் விடியும்வரை போதவில்லை என்று பொருள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றியோ, வேளையைத் தள்ளியோ இதைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். வலி அடங்காதவரை, இனி வரும் படிகள் எதுவும் முழுப் பயன் தராது. இருமல், மூச்சிரைப்பு, நெஞ்செரிச்சல், அரிப்பு, கால்களில் குறுகுறுப்பு ஆகியவற்றையும் அற்பமென்று விடாமல் சொல்லுங்கள்; இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால்கூட கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

மூன்றாம் படி: படுக்கையை உறக்கத்திற்கே திருப்பிக்கொடுங்கள்

தூக்கமின்மையை ஆராய்ந்த ஆர்தர் ஸ்பீல்மேன் என்னும் உளவியலாளர், 1987-இல் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார்: ஒருவரிடம் முன்பே உள்ள இயல்பு, தூக்கமின்மையைத் தூண்டிவிடும் நிகழ்வு, அதன் பிறகு அதை நீட்டிக்கும் பழக்கம். நமக்கு நிகழ்வு எது என்று தெரியும். பழக்கம் எப்படி நுழைகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இரவு தூங்கவில்லையே என்று காலை பத்து மணிவரை படுத்திருக்கிறோம். சோர்வாக இருக்கிறதென்று மதியம் மூன்று மணி நேரம் தூங்குகிறோம். அலைபேசி, ரிப்போர்ட்டுகள், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் கட்டிலுக்கே வந்துவிடுகின்றன. சில வாரங்களில், கட்டிலைக் கண்டாலே விழித்துக்கொள்ளும்படி உடல் பழகிப்போகிறது. கீமோ முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் சிலருக்குத் தூக்கம் திரும்பாததற்கு இந்தப் பழக்கமே பெரும்பாலும் காரணமாகிறது.

எனவே எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். படுக்கும் நேரத்தை நம் விருப்பப்படி நிர்ணயிக்க முடியாது, எழும் நேரத்தை முடியும். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலை ஆறரை என்றால் ஆறரை. எழுந்ததும் திரைச்சீலையை விலக்கி, அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் உட்காருங்கள். நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்தான். (வெயிலில் தோல் எளிதில் பாதிக்கப்படும் மருந்துகள் சில உண்டு, கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தையும் வெயிலிலிருந்து காக்க வேண்டும். ஆகவே நிழலான திண்ணையோ, ஜன்னலோரமோ நல்லது.)

படுத்து இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றியும் தூக்கம் பிடிக்கவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். வேறொரு நாற்காலியில், மங்கிய வெளிச்சத்தில், படித்ததையே திரும்பப் படிப்பது, துணி மடிப்பது, மெல்லிய இசை கேட்பது என்று சுவாரஸ்யமில்லாத ஏதாவதொன்றைச் செய்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் போங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-இல் வகுத்த இந்த முறை இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. எழுந்து நடக்கத் தள்ளாட்டம் இருப்பவர்களும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதால் விழக் கூடாதவர்களும் கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, தூங்கும் முயற்சியைக் கைவிட்டாலும் போதும்.

பகல் உறக்கத்தை அறவே விடச் சொல்வது சிகிச்சையில் இருப்பவருக்குப் பொருந்தாத அறிவுரை. மதியம் மூன்று மணிக்கு முன்பாக, அரை மணி நேர அளவில், அலாரம் வைத்துக்கொண்டு தூங்குங்கள். கீமோவுக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று நாள்களில் இந்தக் கணக்கையும் தளர்த்திக்கொள்ளலாம். புற்றுநோயோடு வரும் அயர்ச்சி ஒரு தனி வகை. எவ்வளவு தூங்கினாலும் முழுதாகத் தீராத அதற்கு, மருத்துவர் அனுமதிக்கும் அளவிலான நடையே நல்ல மருந்து. பத்து நிமிடம் வீட்டுக்குள் நடப்பதும் நடைதான். காபியும் தேநீரும் குடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: காஃபீனின் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது, நண்பகலுக்குப் பின் தவிர்ப்பது நல்லது.

படுக்கை நேரத்தையே குறைத்து உறக்கத்தை இறுக்கமாக்கும் ஒரு முறையும் உண்டு. அதைத் தேர்ந்த சிகிச்சையாளரின் மேற்பார்வை இல்லாமல், அதுவும் கீமோ நடக்கும்போது, முயல வேண்டாம். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துச் சில வாரங்களில் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான், நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகக் கொடுக்க வேண்டிய முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களாகத் தூக்கம் கெட்டிருந்தால் அதை நாட்பட்டது என்கிறார்கள். ஆனாலும் உதவி கேட்பதற்கு நீங்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: கவலைக்கு ஒரு நேரமும் ஒரு நாற்காலியும் கொடுங்கள்

"கவலைப்படாதே" என்று சொல்வது எளிது. புற்றுநோய் வந்தவருக்குக் கவலைப்படக் காரணம் இருக்கிறது; அதை இல்லையென்று சொல்லித் துரத்த முடியாது. அது வந்து நிற்கும் நேரத்தை மாற்ற முடியும்.

மாலை ஐந்து அல்லது ஆறு மணியளவில், கட்டிலிலிருந்து விலகிய ஒரு நாற்காலியில் இருபது நிமிடம் உட்காருங்கள். தாளை நடுவில் மடித்து இரண்டு பத்தியாக்குங்கள். மனத்தில் ஓடுவதையெல்லாம் இடப்பக்கம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், யாரிடம் கேட்டால் விடை கிடைக்கும் என்று எழுதுங்கள். "விரல் நுனி மரத்துப்போகிறதே, இது இப்படியே நின்றுவிடுமா?" என்பதற்கு எதிரே மருத்துவர், அடுத்த சந்திப்பு. "விடுப்பு முடிந்தால் சம்பளம் என்னாகும்?" என்பதற்கு எதிரே அலுவலகத்தில் பேச வேண்டியவரின் பெயர். "அடுத்த ஸ்கேனில் பரவியிருந்தால்?" என்பதற்கு எதிரே எழுத யாருடைய பெயரும் இருக்காது, அங்கே ஸ்கேன் தேதியை மட்டும் எழுதுங்கள். அந்தத் தேதிவரை அந்தக் கேள்விக்கு உலகில் யாரிடமும் விடை இல்லை. முதல் வாரம் இது விளையாட்டுப் போலத் தோன்றும். இரண்டாம் வாரத்திலிருந்து, நள்ளிரவில் அதே எண்ணம் எழும்போது, "இது எழுதியாகிவிட்டது, மிச்சம் நாளை ஆறு மணிக்கு" என்று தள்ளிவைக்க மனம் பழகத் தொடங்கும்.

ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்கள் இந்த நோயிலேயே மிகக் கடினமானவை என்று நான் நினைக்கிறேன். முடிவு எந்த நாளில் வரும், யார் சொல்வார், தொலைபேசியிலா நேரிலா என்பதை ஸ்கேன் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் அலைபேசிக்கே வந்துவிடும் ஏற்பாடு இருந்தால், மாலைக்குப் பின் அதைத் திறப்பதில்லை என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். புரியாத ஒரு மருத்துவச் சொல்லோடு விடியும்வரை தனியாக இருப்பது பெரும் கொடுமை. இரவில் இணையத்தில் நோயின் பெயரைத் தேடும் பழக்கத்திற்கும் இதுவே பொருந்தும்.

உடல் விறைத்துக்கொண்டு கிடக்கும்போது எண்ணங்களோடு வாதிடுவதைவிட உடலைத் தளர்த்துவதே எளிது. மூக்கு வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அடுத்து, எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களிலேயே விவரித்த தசைத் தளர்வுப் பயிற்சி. பாதத்தில் தொடங்குங்கள்: விரல்களை ஐந்து விநாடி மடக்கி இறுக்குங்கள், சட்டென்று விடுங்கள், விட்ட பின் அங்கே பரவும் கதகதப்பைப் பதினைந்து விநாடி கவனியுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், தாடை, நெற்றி. தாடையை விடும்போதுதான், அதுவரை பற்களைக் கடித்துக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியவரும். அறுவைச் சிகிச்சை நடந்த பகுதியையும், வீக்கம் உள்ள கையையும், ஊசிக்குழாய் பொருத்திய இடத்தையும் இறுக்காமல் விட்டுவிடுங்கள்.

பல புற்றுநோய் மையங்களில், மனத்துயரைச் சுழியத்திலிருந்து பத்துவரை உள்ள அளவுகோலில் குறிக்கச் சொல்வார்கள். நான்கும் அதற்கு மேலும் என்றால் கூடுதலாகப் பேசிப் பார்ப்பது வழக்கம். சங்கடப்பட்டு "இரண்டு" என்று குறித்துவிடாதீர்கள். எதிலும் பிடிப்பின்மை, ஓயாத அழுகை, மூச்சை அடைக்கும் பீதி ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால், அதற்கும் சிகிச்சை உண்டு.

உடனிருப்பவர்களுக்கு

நோயாளி இரவில் பேச வந்தால், "எல்லாம் சரியாகிவிடும், தூங்கு" என்று முடித்துவிட வேண்டாம். "இப்போது என்ன ஓடுகிறது மனத்தில்?" என்று கேட்டு, பதில் சொல்ல முயலாமல் கேட்டுக்கொண்டிருப்பதே போதும். காலையில் "நேற்றாவது தூங்கினாயா?" என்று எல்லோரும் கேட்பது தேர்வு முடிவு கேட்பதுபோல் ஆகிவிடுகிறது, அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். இரவுகளை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு, உங்கள் உறக்கத்தையும் காத்துக்கொள்ளுங்கள்.

தூக்க மாத்திரைகள் குறித்து

இவற்றை வெறுக்க வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, ஸ்டீராய்டு நாள்கள் போன்ற நெருக்கடியான சில நாள்களுக்கு மருத்துவர் தருவது பெரிய உதவி. ஆனால் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளோடு சில தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும் சேரும்போது மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுவது கூடவே கூடாது. மது முதலில் கண்ணை அயர வைத்துப் பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும். இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் அதுவும் ஆபத்து. மூலிகை என்றாலும் கேட்டுவிட்டே உட்கொள்ளுங்கள்: மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், இமாடினிப், இரினோடிகான் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவை உடலில் குறைத்துவிடுகிறது. பாராக்செடின் என்னும் மனச்சோர்வு மருந்து டமாக்சிஃபெனின் செயல்பாட்டில் குறுக்கிடக்கூடியது. எனவே மனநல மருத்துவரிடம் போனால், முழு மருந்துப் பட்டியலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உடலை உலுக்கும் குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தக்கசிவு, திடீர்க் குழப்பம், கால்கள் திடீரென வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை, உயிரை விட்டுவிடத் தோன்றும் எண்ணம் ஆகிய எதுவும் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவிலேயே தொலைபேசியில் அழையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அது காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே உள்ள தொற்றை ஆற்றாது. அவசர எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வையுங்கள். எனக்கு அந்தத் தாளே ஒரு பாதி மருந்தாக இருந்தது. தேவைப்பட்டால் அழைக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தபின் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது குறைந்தது.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசிக் கீமோவோ கடைசி ரேடியேஷனோ முடிந்த அன்று வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். உங்களுக்கு அன்றுதான் தூக்கம் வராமல் போகலாம். மருத்துவமனைக்கு அடிக்கடி போய்வந்தவரை யாரோ நம்மைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் ஒவ்வொரு சிறு வலியும் பயமுறுத்தும். இது பலருக்கும் நேர்வது. அடுத்த பரிசோதனை எப்போது, அதற்கிடையில் எந்த அறிகுறிகளுக்கு அழைக்க வேண்டும், எவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதைக் கடைசி நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழும் நேரத்தையும் மாலை நாற்காலியையும் மேலும் சில மாதங்களுக்கு விடாதீர்கள். முதல் மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.